திராக்ஷைத் தோட்டமும் கணக்குப் புஸ்தகமும்

ஐரோப்பிய தேசங்களில் ஒயின் என்னும் திராக்ஷை மதுவை உற்பத்தி செய்பவர், தமது கிடங்கிலுள்ள ஒவ்வொரு பீப்பாயும் எந்தத் தோட்டத்துப் பழத்தால் ஆனது, எந்த வருஷத்து அறுவடை, அதில் என்னென்ன சேர்க்கப்பட்டது, அது யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போகிறது என்னும் விவரங்களை எழுத்து மூலமாய்க் காட்டக் கடமைப்பட்டவர். சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும் இக்கடமை நீங்குவதில்லை. கணக்கு எழுதுவதைச் சர்க்கார் தம் தலையில் ஏற்றிய வீண்பாரம் என்று எண்ணுவது எத்தேசத்துக் குடியானவர்க்கும் பொதுவான இயல்பே. ஆயினும் ஒயின் கணக்கு ஏற்பட்ட வரலாற்றை ஆராயுமிடத்து, பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலுள்ள சிறு திராக்ஷைக் குடியானவர்கள் வீதியில் இறங்கிக் கேட்டுப் பெற்ற பாதுகாப்பே அதன் தொடக்கம் என்பது விளங்கும். மது அருந்துவதன் நன்மை தீமைகள் இக்கட்டுரைக்குப் புறம்பானவை. ஒரு விளைபொருளைத் தோட்டம் முதல் புட்டி வரையில் கணக்கினால் பின்தொடரும் முறை எவ்வாறு அமைந்தது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பனவே இங்குக் கூறப்படும்.

போலிச் சரக்கும் விலை வீழ்ச்சியும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு வந்து சேர்ந்த பில்லாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி, பிரான்சு தேசத்துத் திராக்ஷைக் கொடிகளின் வேரைத் தாக்கித் தோட்டம் தோட்டமாய் அழித்தது. 1875-ஆம் வருஷத்தில் சுமார் 8 கோடியே 40 லக்ஷம் ஹெக்டோலிட்டராக இருந்த ஒயின் உற்பத்தி, 1889-இல் சுமார் 2 கோடியே 30 லக்ஷம் ஹெக்டோலிட்டராகக் குறைந்தது. (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்.) விளைச்சல் குறைந்ததேயன்றி அருந்துவோர் தொகை குறையவில்லை. எனவே, கிரீஸ், துருக்கி முதலிய தேசங்களிலிருந்து உலர்ந்த திராக்ஷையை வரவழைத்து நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் தொழிலும், ஒருமுறை பிழிந்த சக்கையில் சர்க்கரையும் நீரும் கலந்து மறுபடியும் மது இறக்கும் தொழிலும் பெருகின. பஞ்ச காலத்தில் இவற்றை யாரும் பெரிதாய் ஆக்ஷேபிக்கவில்லை.

பின்னர் அமெரிக்க வேர்க்கொடிகளின்மேல் உள்நாட்டுக் கொடிகளை ஒட்டுக்கட்டும் முறை பரவி, தோட்டங்கள் மறுபடியும் தழைத்தன. ஆனால் போலிச் சரக்கோ போகவில்லை. 1903-இல் சர்க்கரையின் மீதிருந்த வரி குறைக்கப்பட்டதால் சர்க்கரை ஒயின் இன்னும் மலிந்தது. அல்ஜீரியாவிலிருந்தும் ஏராளமாய்ச் சரக்கு வந்து இறங்கியது. கடனை வாங்கி ஒட்டுக்கொடி நட்ட குடியானவர், சாகுபடிச் செலவுக்கும் கட்டாத விலைக்கு ஒயினை விற்க நேர்ந்தது. வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கிய சரக்கும் உண்டு.

1907-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி, ஓட் ஜில்லாவிலுள்ள ஆர்ழெலியே என்னும் சிற்றூரைச் சேர்ந்த 87 குடியானவர்கள், நிலைமையை விசாரிக்க வந்திருந்த பார்லிமெண்டுக் குழுவிடம் முறையிடும் பொருட்டு நார்போன் நகருக்கு நடந்தார்கள். காப்பிக்கடை வைத்துக்கொண்டு சிறிது திராக்ஷையும் பயிரிட்ட மார்ஸ்லேன் அல்பேர் என்பவர் அவர்களுக்குத் தலைமை வகித்தார். ஞாயிறு தோறும் கூட்டங்கள் பெருகி, ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியே நகரில் ஐந்து லக்ஷத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கூடினர். நார்போன் நகரசபைத் தலைவரான எர்னெஸ்ட் பெரூல் கைது செய்யப்பட்டார்; 19, 20 தேதிகளில் அந்நகரில் துருப்புகள் சுட்டதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அவ்வட்டாரத்து இளைஞரைக் கொண்ட 17-ஆவது காலாட்படைப் பிரிவு, தம் சொந்த ஜனங்களுக்கு எதிராக நிற்க மறுத்துப் பேசியே நகருக்கு அணிவகுத்துச் சென்றது. பிரதம மந்திரி கிளெமான்ஸோவை நேரில் காணப் பாரிசு சென்ற அல்பேருக்கு, ஊர் திரும்ப ரயில் செலவுக்கென்று 100 பிராங்கு கொடுக்கப்பட்டது. அச்செய்தி வெளியானதும் அவருடைய செல்வாக்கு அவரது ஊரிலேயே சரிந்து போயிற்று.

அக்குடியானவர்கள் கேட்டவை பல. அவற்றுள் இக்கட்டுரைக்குரியது ஒன்று: இயற்கையான ஒயின் எது, செயற்கை எது என்பதைச் சட்டம் பிரித்துக் காட்டவேண்டும், போலி செய்பவன் அகப்படவேண்டும் என்பது.

1907-ஆம் வருஷத்துச் சட்டம்

அவ்வருஷம் ஜூன் 29-ஆம் தேதி நிறைவேறிய சட்டம், போலியைக் கண்டுபிடிக்க ரசாயன பரீக்ஷையை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. சர்க்கரை ஒயினைச் சோதனைச்சாலையில் பிரித்தறிவது அக்காலத்தில் எளிதன்று. சட்டம் கைக்கொண்டது கணக்கு வழி. திராக்ஷை பயிரிட்டு ஒயின் இறக்கும் ஒவ்வொருவரும், அறுவடை முடிந்தபின் தம் கிராமத்து நகரசபைக் காரியாலயத்துக்குச் சென்று, காய்ப்பிலுள்ள கொடிகளின் விஸ்தீரணம், அவ்வருஷம் இறக்கிய ஒயினின் மொத்த அளவு, முந்திய வருஷங்களின் சரக்கு கையிருப்பு ஆகியவற்றை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அறிக்கை ரிஜிஸ்தரில் பதிவாகும். கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். அவருக்கு ரசீது கொடுக்கப்படும். அதன்பின் உற்பத்தியாளர்களின் பெயர் வாரியான ஜாபிதா காரியாலயத்தின் வாசற்கதவில் ஒட்டப்படும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கூர்ந்து நோக்குவது நலம். எத்தனை இன்ஸ்பெக்டர்களை நியமித்தாலும், ஒருவர் தோட்டத்தில் என்ன விளையும் என்பது அவருடைய பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு ஹெக்டேர் கொடிக்கு ஐந்து ஹெக்டேர் ஒயின் காட்டினவர் பெயர் வாசலில் தொங்கும்போது, ஊரே தணிக்கை செய்கிறது.

அறிக்கையின் பலம் அடுத்த விதியில் இருந்தது. பிரான்சில் ஒயினை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக வரி இலாகாவின் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். ஒருவர் அறிக்கையில் காட்டிய அளவுக்கு மேற்பட்ட ஒயினுக்கு அவர் பெயரில் சீட்டு வழங்கலாகாது என்று சட்டம் கூறியது. இதன் பொருளை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒருவருக்கு 4 ஹெக்டேர் கொடி உண்டு. ஹெக்டேருக்கு 80 ஹெக்டோலிட்டர் வீதம் 320 ஹெக்டோலிட்டர், அதாவது 32,000 லிட்டர், அவர் அறிக்கையில் பதிவாயிற்று என்று கொள்க. வருஷ முடிவுக்குள் அவர் 30,000 லிட்டருக்குச் சீட்டுப் பெற்று அனுப்பிவிட்டார். பின்னர் 5,000 லிட்டருக்குச் சீட்டுக் கேட்டால், 2,000 லிட்டருக்குமேல் கிடைக்காது. மிகுந்த 3,000 லிட்டர் எங்கிருந்து வந்தது? குழாயிலிருந்தா, சர்க்கரை மூட்டையிலிருந்தா, பிறர் கிடங்கிலிருந்தா? அதை நிரூபிக்கும் பொறுப்பு இப்போது அவருடையது.

சர்க்கரைக்கும் தனிக்கணக்கு வந்தது. ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்கு 100 கிலோவுக்கு 40 பிராங்கு அதிக வரி விதிக்கப்பட்டது. திராக்ஷையையோ அதன் ரசத்தையோ வைத்திருப்பவர் 25 கிலோவுக்கு மேல் சர்க்கரை வைத்திருந்தால் அதையும் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் செப்டம்பரில் தென்பகுதிக் குடியானவர்கள் பெரூலைத் தலைவராகக் கொண்டு தங்கள் சங்கத்தை அமைத்து, மோசடிக்காரர்கள்மீது தாங்களே வழக்குத் தொடரவும் முற்பட்டார்கள்.

விலை வீழ்ச்சிக்கு மோசடி ஒன்றே காரணம் என்று அக்காலத்துக் குடியானவர்கள் நம்பினார்கள். அது முற்றிலும் சரியன்று. அதிக விளைச்சல் தரும் கொடிகளைச் சமவெளியில் மட்டின்றி நட்டதும் பெரிய காரணமாகும். ஆயினும், வருஷாவருஷம் உண்மையான விளைச்சல் எவ்வளவு என்பது கிராமவாரியாய்த் தெரியவந்தது இந்த அறிக்கைகளினால்தான். 1931-இல் மிகை உற்பத்தியைக் கட்டுப்படுத்தவும், 1935-இல் ஊர்ப்பெயர் கொண்ட ஒயின்களுக்கு எல்லை, கொடிவகை, ஹெக்டேருக்கு உச்ச விளைச்சல் முதலியவற்றை விதிக்கவும் சட்டங்கள் செய்தபோது, அளவுகோலாய் நின்றது அறுவடை அறிக்கையே. அது இன்றும் ஒழியவில்லை. கம்ப்யூட்டர் மூலமாய்ச் சுங்க இலாகாவுக்குச் செல்கிறது.

இக்காலத்துப் பதிவேடுகள்

தற்போது ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்த தேசங்களில் கணக்கு தோட்டத்திலேயே தொடங்குகிறது. இங்குள்ள அடங்கலில் சர்வே எண், விஸ்தீரணம், பயிர் ஆகியவை பதிவாவதைப் போல, அங்குத் திராக்ஷைத் தோட்டப் பதிவேட்டில் ஒவ்வொரு துண்டு நிலத்தின் இடம், விஸ்தீரணம், கொடிவகை, நட்ட வருஷம் ஆகியவை காணும். இப்பதிவேட்டை ஏற்படுத்தும் உத்தரவு 1986-இல் பிறந்தது.

அடுத்த நிலை பழம் பிழியுமிடம். இதில் பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்து வழக்கம் மிகவும் கண்டிப்பானது. அங்கு 4,000 கிலோ பழத்தை ஒரு பிழிவாகக் கொள்வர். அதிலிருந்து எடுக்கலாகும் ரசம் 2,550 லிட்டர். முதலில் வடியும் 2,050 லிட்டர் ஒரு தரம், பின்னர் வரும் 500 லிட்டர் வேறு தரம். ஒவ்வொரு பிழிவுக்கும் தேதி, கிராமம், கொடிவகை, பழத்தின் எடை, கொடுத்தவர் பெயர், ரசத்தின் அளவு யாவும் பிழிவுப் புஸ்தகத்தில் ஏறும். எடைக் கணக்கையும் தொட்டிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், பிழை தானே தெரியும். 4,000 கிலோவுக்கு 2,800 லிட்டர் காட்டும் புஸ்தகத்துக்குச் சோதனைச்சாலை தேவையில்லை.

கிடங்கில் வரவு செலவுப் பதிவேடு உண்டு. வந்த சரக்கு, போன சரக்கு, ஒவ்வொன்றுக்கும் உரிய போக்குவரத்துச் சீட்டின் எண் எழுதப்படும். கலத்தல், இனிப்பேற்றல், சர்க்கரையால் சாராயச் சத்தை உயர்த்தல், புளிப்பைக் கூட்டல் அல்லது குறைத்தல், புட்டியில் அடைத்தல் ஆகிய காரியங்கள் தேதியோடும் தொட்டி எண்ணோடும் தனியே பதிவாகும். சர்க்கரை, செறிந்த திராக்ஷை ரசம், அமிலம் முதலியவற்றின் கையிருப்புக்கும் தனிக்கணக்கு எழுதவேண்டும். 1907-இன் 25 கிலோ விதியின் வமிசமே இது. கணக்கு முடிந்தபின் குறைந்தது ஐந்து வருஷம் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும்.

ஆவியாதல், வண்டல், வடிகட்டுதல் ஆகியவற்றால் ஒயின் குறைவது இயற்கை. இதற்கு ஒவ்வொரு தேசமும் நூற்றுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது; அதற்குமேல் குறைந்தால் அறிவிக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூடக் குறையாத கணக்கைக் கொண்டுவருபவர் தம்மை மிகவும் நேர்மையானவர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். அனுபவமுள்ள தணிக்கையாளர் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

கலவையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கெட்ட எண்ணமில்லாதவரும் இதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். புட்டியின் சீட்டில் ஓர் அறுவடை வருஷத்தைப் போட வேண்டுமானால், உள்ளேயுள்ள ஒயினில் நூற்றுக்கு 85 பங்காவது அவ்வருஷத்துத் திராக்ஷையாயிருத்தல் ஐரோப்பிய விதி. 10,000 லிட்டர் தொட்டியொன்றில் 2022-ஆம் வருஷத்து ஒயின் 8,800 லிட்டரும் 2021-ஆம் வருஷத்து ஒயின் 1,200 லிட்டரும் இருக்கின்றன என்று கொள்க. நூற்றுக்கு 12 பங்குதான், விதிக்குள் அடங்கும். அதில் 4,000 லிட்டர் விற்றாயிற்று. மீதி 6,000 லிட்டரில் பழைய ஒயின் 720 லிட்டர். தொட்டி குறைந்திருக்கிறதே என்று 2021-ஆம் வருஷத்து ஒயின் 500 லிட்டரை மேலும் விடுகிறார்கள். முதற் கலப்பை எழுதாதவர், 6,500-இல் 500 தானே, நூற்றுக்கு 8 பங்கும் ஆகவில்லை என்று நினைப்பார். உண்மையில் பழைய ஒயின் 1,220 லிட்டராகிவிட்டது. நூற்றுக்கு 18 பங்குக்கும் மேல். 2022 என்று சீட்டு ஒட்டிய ஒவ்வொரு புட்டியும் பொய் கூறும். நாக்கும் மூக்கும் இதைக் காட்டா. ஏப்ரல் மாதத்தில் செய்ததை அக்டோபரில் ஞாபகத்திலிருந்து எழுதுபவருக்குப் புஸ்தகம் இருந்தும் பயனில்லை.

ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் நேர்ந்தவை

1985-ஆம் வருஷம், ஆஸ்திரியா தேசத்து ஒயின் சிலவற்றில் டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பது ஜெர்மனியில் வெளிப்பட்டது. காலந்தாழ்த்திப் பறித்த பழத்தின் இனிப்பும் திடமும் சாதாரண ஒயினுக்கு இருப்பதாகக் காட்டும் பொருட்டு இதைச் சேர்த்திருந்தார்கள். குற்றம் செய்தவர் தொகை சிறிது. ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. தேசத்தின் பெயரையே ஒதுக்கினார்கள். ஏற்றுமதி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. பழைய நிலைக்கு வர ஒன்றரைப் பத்தாண்டுகள் சென்றன. கிளைகாலைக் கண்ணாலும் காணாத தோட்டக்காரரும் அதுவரை நஷ்டத்தைத் தாங்கினார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே கடுமையான புதிய சட்டம் இயற்றப்பட்டது. இன்று ஆஸ்திரியாவின் உயர்தர ஒயின் ஒவ்வொன்றும் சர்க்கார் பரீக்ஷையில் தேறி ஓர் எண் பெற்ற பின்பே விற்பனைக்கு வருகிறது. புட்டியின் மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்புக் கோடுகளும், அடைத்தவரின் பதிவு எண்ணும் காணப்படும்.

மறு வருஷம் இத்தாலியில் நேர்ந்தது இதனினும் கொடியது. மலிவான ஒயினுக்குச் சாராயச் சத்து ஏற்றுவதற்காக மெதனால் என்னும் மரச்சாராயத்தைச் சேர்த்ததில், 1986-ஆம் வருஷம் இருபது பேருக்குமேல் மாண்டனர். கண்பார்வை இழந்தவர்களும் உண்டு. இத்தகைய வேளையில் சர்க்கார் முன்னுள்ள கேள்வி ஒன்றே: நஞ்சு கலந்த சரக்கு இன்னும் எந்தெந்தக் கடையில் இருக்கிறது? மொத்தச் சரக்காய் வண்டிகளில் ஏறிக் கைமாறிக் கைமாறி, வெவ்வேறு பெயர்களில் புட்டியேறிய ஒயினுக்கு இதற்கு விடை காண்பது அரிது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஓர் உயிரின் விலையாகும். அவ்வருஷமே இத்தாலி, மோசடித் தடுப்புக்கென்று மத்திய தணிக்கை இலாகா ஒன்றை நிறுவியது.

1989-இல் ஐரோப்பிய சமூகம் உணவுப்பண்டங்களுக்கெல்லாம் அடைப்பு எண் போடவேண்டுமென்று விதித்தது. புட்டியின் மேல் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்துடன் காணும் எண் அதுவே. 2002-இல் இயற்றப்பட்டு 2005 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த விதி, உணவுத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்தவர் யார், தம்மிடம் வாங்கிய வியாபாரி யார் என்னும் இரண்டையும் கேட்டவுடன் காட்டவேண்டும் என்றது. பின்னே ஒரு படி, முன்னே ஒரு படி. சங்கிலி முழுவதையும் யாரும் தனியே சுமக்க வேண்டியதில்லை. தம் கண்ணியை மாத்திரம் அறாமல் வைத்திருந்தால் போதும்.

அடைப்பு எண்ணை எவ்வளவு சரக்குக்கு ஒன்றாகப் போடுவது என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கலாம். ஒருவர் நான்கு நாளில் அடைத்த 20,000 புட்டிகளுக்கும் ஒரே எண் போட்டார் என்று கொள்க. மூன்றாம் நாள் கருவியில் ஏற்பட்ட கோளாறினால் சில புட்டிகளில் கண்ணாடித் தூள் விழுந்தது தெரியவந்தால், 20,000 புட்டிகளையும் திரும்ப அழைக்க வேண்டும். நாளுக்கு ஓர் எண் போட்டிருப்பவர் 5,000 புட்டிகளோடு தப்பிவிடுவார். எண்ணை மாற்ற ஆகும் உழைப்பு நாளொன்றுக்குச் சில நிமிஷம்.

சேர்மானங்களைப் பற்றிய பதிவும் இப்போது வாங்குபவர் கண்முன்னே வந்துவிட்டது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குமேல் கந்தகச் சேர்மானம் உள்ள ஒயினின் சீட்டில் அதைக் குறிப்பிடுவது பல வருஷங்களாய் உள்ள விதி. 2023 டிசம்பர் 8-ஆம் தேதிக்குப் பின் உற்பத்தியாகும் ஒயினுக்குச் சேர்மானங்களின் பட்டியலும் போஷணை விவரமும் தரவேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் விதித்திருக்கிறது. கிடங்குப் புஸ்தகத்தில் எழுதாததைச் சீட்டில் எப்படி அச்சிடுவது?

இத்தேசத்துத் திராக்ஷைக் குடியானவர்களுக்கும் இம்முறை புதிதன்று. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பழத்துக்காக, விவசாய விளைபொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனமாகிய அபேடா ஏற்படுத்திய கிரேப்நெட் என்னும் ஏற்பாட்டில், தோட்டத்தைப் பதிவு செய்து எண் பெறுவதும், மருந்துத் தெளிப்பைத் தேதிவாரியாய் எழுதுவதும், மருந்தின் மிச்சத்தைச் சோதனைச்சாலையில் அளப்பதும் அடங்கும். மகாராஷ்டிர மாகாணத்துக் குடியானவர்கள் பலர் இதனைக் கைக்கொண்டு வருகிறார்கள்.

சிறு உற்பத்தியாளருக்கு இவ்வளவும் தொல்லையே என்பதை மறுக்க முடியாது. பிரான்சில் கிடங்கு வைத்திருப்பவர் மாதந்தோறும் வரவு செலவுச் சுருக்கத்தைச் சுங்க இலாகாவுக்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அனுப்பவேண்டும். அறுவடை அறிக்கை தனி, கையிருப்பு அறிக்கை தனி. ஒரே எண்ணை மூன்று காரியாலயங்கள் மூன்று படிவங்களில் கேட்பது குடியானவரின் குற்றமன்று. அவர்கள் குறைகூறுவதில் நியாயமுண்டு.

இத்தொல்லைக்குப் பலர் கண்ட வழி கூட்டுறவுக் கிடங்கு. தென்பிரான்சில் மரோசான் கிராமத்துக் குடியானவர்கள் 1901-இல் கூட்டுறவு அமைத்தது முதல் இது பரவிற்று. அங்கு அங்கத்தினர் பழத்தை வண்டியில் கொண்டுவந்து நிறுத்தியதும், எடை பார்த்து, ரசத்தின் சர்க்கரை அளவைக் கருவியால் அளந்து, கொடிவகையையும் சேர்த்து ஒரு சீட்டு எழுதப்படுகிறது. ஒயின் இறக்குவது முதல் மாதக் கணக்கு அனுப்புவது வரையில் மற்ற எழுத்து வேலையெல்லாம் கிடங்கின் பொறுப்பு. வருஷ முடிவில் பணம் பிரிக்கப்படுவது அந்த எடைச் சீட்டுகளின்படியே. ஆகையால் ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டின் ஒரு பிரதியைத் தோட்டக்காரர் கையோடு வாங்கி, தேதிவாரியாய்க் கோத்து, தம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கிடங்கின் கணக்கில் ஒரு வண்டி விட்டுப்போனால், அவர் கையில் காட்டுவதற்கு இருப்பது அந்தப் பிரதிதான்.